நார்வேக்காரர் குடிக்காத காபி

அத்தியாயம் 9

மணி மூன்று பத்து. என் அக்காவின் கையில் விலங்கு மாட்ட இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம் இருந்தது. எர்ஸிலியா மேடமோ எச்சில் தட்டுகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"தட்டுல என்ன மிச்சம் இருந்துது?" என்றார்.

பிப்போ துடைத்துக்கொண்டிருந்த தம்ளரைக் கீழே வைத்தான். பழைய ஓஸ்தியாவின் இடிபாடுகளுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் அவன் கடை. ரோமிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அவன் கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டுதான் இரண்டாயிரம் வருஷத்துச் சுவர்களைப் பார்க்கப் போவார்கள்.

"எந்தத் தட்டு, மேடம்? ஒரு நாளைக்கு நூறு தட்டு கழுவுறேன்."

"நார்வேக்காரரோட தட்டு."

"அதுவா. அதை நான் மறக்கணும்னு நினைக்கிறேன், நீங்க ஞாபகப்படுத்துறீங்க. சிப்பி போட்ட ஸ்பகெத்தி கேட்டார். கொண்டுபோய் வச்சேன். அது மேல சீஸ் கேட்டார். உள்ள எங்கம்மாதான் சமையல். நல்லவேளை, அவ பாக்கல."

சிப்பி மேல் சீஸ் தூவுவது எங்கள் ஊர்க் குற்றப் பட்டியலில் இல்லை. சேர்க்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

"முழுசா சாப்பிட்டாரா?"

"அதான் இல்ல. மேல இருந்த சீஸை ஒரு ஓரமா தள்ளிட்டு, அடியில இருந்ததை மட்டும் சாப்பிட்டிருக்கார். அப்புறம் கப்புச்சினோ ஒண்ணு."

"சாப்பாட்டுக்கு அப்புறமா?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்தான். வெளிநாட்டுக்காரங்க வேற எப்ப கேப்பாங்க? அவ்வளவு சாப்பாட்டு மேல ஒரு டம்ளர் பாலை ஊத்துறாங்க. வயிறா, வாளியா தெரியல."

"குடிச்சாரா?"

பிப்போ யோசித்தான். "இல்ல. நுரை கூடக் கலையல. அப்படியே ஆறிப்போய் இருந்துது. நேத்தும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். காசு மட்டும் கரெக்டா குடுத்துடுவார்."

"பணம் இருக்கிற ஆளு, வீணாக்குறார்" என்றேன் நான். "மேடம், மணி மூணேகால். வேணும்னா அவர் கையைத் துடைச்ச காகிதத்தையும் கேட்டுடுங்க, போயிடலாம்."

எர்ஸிலியா மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விமான நிலையச் சுங்கத்தில் இருபது வருஷம் அடுத்தவர் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர். இப்போது பெட்டி இல்லாத ஆட்களையும் திறக்கிறார். நான் ஆல்தோ. அவருடைய டிரைவர், உதவியாளர், சமயத்தில் வேண்டாத வாய்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா லவீனியா இந்த இடிபாடுகளில் இருபத்திரண்டு வருஷமாகக் காவல் வேலை பார்க்கிறாள். நேற்று மதியம், இடிபாடுகளைத் தோண்டி ஆராய்கிறவர்களின் தகரக் கொட்டகையில் இருந்த ஒரு தங்கத் தாயத்து காணாமல் போனது. என்றோ ஒரு ரோமானியக் குழந்தை கழுத்தில் போட்டிருந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கொட்டகைச் சாவி அக்காவின் இடுப்பில் மட்டும்தான் இருக்கும். அந்த நேரத்தில் உள்ளே இருந்தது இரண்டே பேர். ஒருத்தி அக்கா. இன்னொருவர் ஹால்வோர் என்ற நார்வேக்காரர். வெயிலில் மயங்கிச் சரிந்தவரை அக்காதான் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தாள். அதற்குக் கைமாறாக அவர் போலீசிடம், மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொன்ன சாட்சி இது: மேஜை மேலிருந்து மின்னுகிற எதையோ எடுத்து அந்த அம்மாள் தன் பைக்குள் போட்டதைப் பார்த்தேன்.

நரைத்த தாடி, நீலக் கண், மொழி தெரியாத முகம். அவர் ஏன் பொய் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையைச் சொல்லப்போனால் நானும்தான் நினைத்தேன். நினைத்ததற்காக ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

விலங்கு மட்டும் என்றால்கூட நான் இவ்வளவு பதறமாட்டேன். அக்கா வீட்டில் மினா இருக்கிறாள். ஆறு வயது. குழந்தைகள் விடுதியிலிருந்து அக்காவிடம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வருகிற திங்கட்கிழமை நீதிபதி கையெழுத்துப் போட்டால் சட்டப்படி அக்காவின் மகள். திருட்டு வழக்கில் கைதானவளிடம் எந்த நீதிபதியும் குழந்தையைக் கொடுக்கமாட்டார்.

இன்ஸ்பெக்டர் கஸ்தால்தி மோசமான மனிதர் இல்லை. "இருபத்திரெண்டு வருஷமா முகம் பாத்துப் பழகின பொம்பள. கூட்டத்துக்கு நடுவுல வேணாம். வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வர்றேன்" என்று, பெண் பார்க்க வருகிறவர்போல நேரம் குறித்துவிட்டுப் போயிருந்தார். இன்று வியாழக்கிழமை.

"பாவம் லவீனியா" என்றான் பிப்போ. "ஜெயிலுக்கெல்லாம் போனா அந்தப் பொம்பள செத்தே போயிடும்."

சொன்ன வாயை மூடுவதற்குள் அவன் கை காபி இயந்திரத்தின் இரும்புப் பிடிக்குப் போய்விட்டது. என் கை நாற்காலியின் இரும்புக் காலில் இருந்தது. சாவுப் பேச்சு எடுத்தால் இரும்பைத் தொட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தந்ததில்லை.

எர்ஸிலியா மேடம் எங்கள் இருவர் கைகளையும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாலையைப் பார்த்தார்.

எதிரே, தொப்பியும் அரைக்கால் சட்டையும் செருப்புக்குள் வெள்ளை சாக்ஸுமாக ஹால்வோர் சாலையைக் கடந்து, இடிபாடுகளின் வாசலில் டிக்கெட்டுக்காக நின்றார்.

"மறுபடியுமா?" என்றேன். "அதே சுவரைத்தானே மூணு நாளா பாக்கறார். நாளைக்குள்ள இடிஞ்சுடும்னு யாராவது சொல்லிட்டாங்களா?"

"எழுந்திரு" என்றார் மேடம்.

*

வாசலை ஒட்டிய காவலர் அறையில் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சீருடைக் கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்திருந்தாள். பித்தளைப் பொத்தான்கள் வெளியே தெரிய, கடையில் விற்கிறதுபோல மடித்திருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அக்கா, எதுக்கு இப்பவே கழட்டின?"

"அஞ்சு மணிக்குக் கழட்டுன்னு இன்னொருத்தன் சொல்லணுமாடா?"

மேடம் உட்காரவில்லை. "ரெண்டே கேள்வி, லவீனியா. நேத்து தாயத்து காணோம்னு எப்ப தெரிஞ்சுது?"

"அவருக்குத் தண்ணி எடுக்கப் போனேன், வந்தேன். குடிச்சார். நெஞ்சுல கையை வச்சு நன்றி மாதிரி ஏதோ சொன்னார். எழுந்து போயிட்டார். மேஜையைத் துணி போட்டு மூடலாம்னு போனா, காணோம். அவர் போய் பத்து நிமிஷம் ஆயிருக்கும்."

"வெளிய போறவங்களைச் சோதிச்சீங்களா?"

"நான்தான் ஓடிப்போய் வாசலைப் பூட்டினேன், மேடம். பை, சட்டைப் பை, தொப்பி, செருப்பு, ஒண்ணு விடாம எல்லாருக்கும் பாத்தோம். நார்வேக்காரருக்கும்தான். ஒண்ணுமில்ல."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு எதுக்குச் சோதிக்கணும்?" அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அதான் திருடி கிடைச்சுட்டாளே."

மேடம் சன்னல் வழியாக உள்ளே பார்த்தார். கருங்கல் சாலையில், பைன் மரங்களின் நிழலில், வெள்ளை சாக்ஸ் போய்க்கொண்டிருந்தது.

"தாயத்து வெளிய போகல. உள்ளதான் எங்கயோ இருக்கு" என்றார். "எடுத்தவன் பத்து நிமிஷத்துல ஒளிச்சு வச்சுட்டு வெறுங்கையோட வெளிய வந்திருக்கான். இவ எடுத்ததைப் பாத்தேன்னு சொல்லிட்டா, போலீஸ் இவ வீட்டைத் தேடும், இவ அலமாரியைத் தேடும். இடிபாட்டைத் தேடாது. வாசல்ல சோதனையும் நின்னுபோகும். நின்னுபோச்சு. இன்னைக்கு எடுத்துட்டுப் போயிடுவான்."

"அப்ப இப்பவே போய் அவர் சட்டையைப் பிடிக்கலாமே" என்றேன்.

"கையில ஒண்ணும் இல்லாம பிடிச்சா? வெளிநாட்டுக்காரர், போலீசோட சாட்சி. நாளைக்கு அவங்க தூதரகத்துலேருந்து ஆள் வரும், நம்மை உள்ள வைப்பாங்க. எடுக்கிற வரைக்கும் விடணும். எடுத்த அப்புறம் விடக்கூடாது. என் முட்டிக்கு அந்தக் கல்லு ரோடு ஆகாது. நான் வாசல்ல நிக்கிறேன். நீ அவர் பின்னாடி போ. போன்ல விஷயத்தை மட்டும் பேசு, ஜோக் அடிக்காத."

"மேடம்" என்று அக்கா கூப்பிட்டாள். "அஞ்சு மணிக்குள்ள ஆயிடுமா?"

"தெரியாது" என்றார் மேடம். பொய்யாகவாவது ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லமாட்டார், அது எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

*

ஒரு வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சுற்றுலாப் பயணி என்று நம்ப வைக்க அதைவிட வேறு வழி கிடையாது.

ஹால்வோர் அவசரப்படவில்லை. குளியல் மாளிகையின் மேல் ஏறி, கீழே தரையில் பதித்த கல் சித்திரத்தில் கடல் தேவன் குதிரைகளை ஓட்டுவதைப் பார்த்தார். நாடக அரங்கின் படிகளில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். ஒரு மாவு மில்லுக்குள் போய் திருகைக் கல்லைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு முறை அவர் குனியும்போதும் எனக்கு மூச்சு நின்றது. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு நிமிர்ந்தார். சில்வண்டுகள் காதைக் கிழித்தன. மணி மூன்று ஐம்பது, நாலு ஐந்து, நாலு இருபது.

போன் அதிர்ந்தது.

"எங்க இருக்கார்?"

"ஒரு சாராயக் கடையில, மேடம்."

"என்ன?"

"மூடி ஆயிரத்து எழுநூறு வருஷம் ஆச்சு. கல் மேடையைத் தட்டிப் பாத்துட்டு வெளிய வந்துட்டார்."

"ஆல்தோ."

"சரி, மேடம். ஜோக் இல்ல."

சந்தடி குறைந்த ஒரு சந்தில் அவர் திரும்பினார். பத்து எண்ணிவிட்டு நானும் திரும்பினேன். சந்து காலியாக இருந்தது. ஒரு பல்லி சுவரில் ஓடியது. இடது பக்கம் பார்த்தேன், செங்கல் சுவர். வலது பக்கம் பார்த்தேன், செங்கல் சுவர். அக்கா மடித்து வைத்த கோட்டு கண்முன் வந்தது. ஒரே ஒரு ஆளை, வெள்ளை சாக்ஸ் போட்ட ஒரே ஒரு கிழவரைத் தொலைத்துவிட்டேன் என்று அவளிடம் எப்படிப் போய்ச் சொல்வேன்.

தோளில் ஒரு கை விழுந்தது.

ஹால்வோர். சிரித்துக்கொண்டு நின்றார். தன் போனை என் கையில் வைத்து, சைகையால் ஒரு படம் எடுக்கச் சொன்னார். இன்னொரு கையால் பக்கத்து வாசலைக் காட்டினார்.

அது ஊர்ப் பொதுக் கழிப்பறை. மூன்று சுவரை ஒட்டிக் கல் பெஞ்சு, பெஞ்சு நெடுக ஓட்டைகள். அந்தக் காலத்தில் இருபது பேர் தோளோடு தோள் உட்கார்ந்து ஊர் வம்பு பேசிய இடம். இப்போது ஓஸ்தியாவுக்கு வருகிற ஒவ்வொரு வெளிநாட்டுக்காரரும் அந்த ஓட்டைமேல் உட்கார்ந்து ஒரு படம் எடுக்காமல் போவதில்லை. ஹால்வோரும் மூலையில் இருந்த ஓட்டைமேல் உட்கார்ந்து, முக்குகிறதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கே சிரிப்பு வந்தது. மூன்று படம் எடுத்துக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஒரு தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். பிறகு வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

மேடத்தைக் கூப்பிட்டேன். "ஒண்ணும் எடுக்கல, மேடம். கழிப்பறையில உக்காந்து என்னை போட்டோ எடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். திரும்பி வர்றார்."

"உன்னையா எடுக்கச் சொன்னார்?"

"ஆமா."

"பின்னாடி வர்றவனை அப்பவே பாத்துட்டான். பாத்துட்டு, வேலைக்கும் வச்சுக்கிட்டான். படத்துக்கு உக்காந்திருக்கிறவனை யார் சந்தேகப்படுவா? கேமரா வழியா நீ எதைப் பாத்துட்டிருந்த?"

"மூஞ்சியை."

"அதுக்குத்தான் மூஞ்சியை அப்படி வச்சுக்கிட்டான். ஒரு கை எங்க இருந்துது?"

"முட்டி மேல."

"இன்னொரு கை?"

எனக்கு ஞாபகம் இல்லை. ஓடிப்போய் மண்டியிட்டு அந்த மூலை ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டேன். பைன் ஊசிகள், சிகரெட் துண்டுகள், அதற்கு நடுவே புதிதாகக் கிளறப்பட்ட ஒரு குழி. அந்தக் குழியை மூடியிருந்த ஓட்டுச் சில்லு ஓரமாகக் கிடந்தது. இத்தனை நூற்றாண்டில் அந்த இடத்தில் அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"எடுத்துட்டான், மேடம்" என்றேன்.

"நடக்கிறது எப்படி இருக்கு?"

சந்து முனைக்கு ஓடிப் பார்த்தேன். "மெதுவா. இடது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி."

"நல்லது. அவசரமில்லாம பின்னாடியே வா."

*

வாசலுக்கு நான் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. இன்ஸ்பெக்டர் கஸ்தால்தி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, பெரிய இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிளோடு நின்றிருந்தார். இடுப்பில் விலங்கு தொங்கியது. டிக்கெட் கொடுக்கிற எத்தோரே கம்பிச் சன்னலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹால்வோர் வெளியே போகிற வழியை எர்ஸிலியா மேடம் அடைத்துக்கொண்டு நின்றார். அவர் நின்றால் அந்த வழியில் பூனைகூடப் போக முடியாது.

"சோதிச்சுப் பாருங்க, இன்ஸ்பெக்டர். ஒரே நிமிஷம்."

"மேடம், உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. அவர் என் சாட்சி. வெளிநாட்டுப் பிரஜை. ஒரு வார்த்தை இத்தாலியன் தெரியாத மனுஷன். எதை வச்சுச் சோதிக்கச் சொல்றீங்க? காபி குடிக்கலேன்னா?"

ஹால்வோர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஒன்றும் விளங்காத குழந்தைபோலப் புன்னகைத்தார். கைக்கடிகாரத்தைக் காட்டி, ரயில் என்று சைகை செய்தார்.

"விடுங்க, மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்கு மட்டும் இது பிடிச்ச வேலையா? லவீனியாவைக் கூப்பிடுங்க."

மேடம் பெருமூச்சு விட்டார். வழியை விட்டு விலகினார். தோற்றுப்போன முகத்தோடு ஹால்வோரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எங்கள் பாஷையில், தனக்குத்தானே பேசுவதுபோல, ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"எங்கப்பாவுக்கும் கடைசி நாள் இதே நிறம்தான். இதே வெளுத்த உதடு. காலையில நடந்தார், சாயங்காலம் பெட்டியில படுத்திருந்தார். என் கண்ணு இதுல தப்பாது. இந்த வாசல்ல இப்ப நிக்கிற ஆம்பளைங்கள்ல ஒருத்தர் நாளைக்கு விடியறதைப் பாக்கமாட்டார்."

இன்ஸ்பெக்டரின் கை விலங்கைத் தொட்டது. கான்ஸ்டபிளின் கை அவன் சாவிக் கொத்துக்குப் போனது. எத்தோரே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நான் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டேன். எங்கள் ஊர் ஆண்கள் இதற்கு வேறொரு இடத்தையும் தொடுவதுண்டு. பெண் ஒருத்தர் நின்றதால் இரும்போடு நின்றது.

"அசையாதீங்க" என்றார் மேடம். "கையை எண்ணுங்க, இன்ஸ்பெக்டர்."

எண்ணினோம். நாங்கள் நான்கு பேர். இரும்பைத் தொட்டிருந்த கைகள் ஐந்து.

ஐந்தாவது கை, நரை முடி படர்ந்த கை, கதவின் கீலை இறுக்கிப் பிடித்திருந்தது.

"வடக்கத்தி ஆளுங்க கெட்ட வார்த்தை காதுல விழுந்தா மரத்தைத் தட்டுவாங்க" என்றார் மேடம். "அவர் முட்டியை இடிக்கிற மாதிரி ஒரு மரப் பெஞ்சு இருக்கு. அதைத் தாண்டிக் கையை நீட்டி இரும்பைத் தொட்டிருக்கார். அதுவும் ஒரு வார்த்தை புரியாம."

ஹால்வோர் வேகமாக நார்வே மொழியில் ஏதோ சொன்னார். சரளமாகத்தான் பேசினார். இன்ஸ்பெக்டர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு அமைதியாக, எங்கள் பாஷையில், "கதவுக்கு இப்பத்தான் பெயின்ட் அடிச்சாங்க, காயல" என்றார்.

கை சட்டென்று விலகியது. விலகிய கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்க்கவும் செய்தார். அதோடு ஹால்வோர் முடிந்தார்.

"இடது சாக்ஸ்" என்றார் மேடம்.

சாக்ஸுக்குள், பாதத்தின் வளைவில், காகிதத்தில் மடித்த தங்கத் தாயத்து இருந்தது. அவர் போனில் நான் எடுத்த மூன்றாவது படத்தில் முக்குகிற மூஞ்சிக்குக் கீழே, வலது கை முழங்கைவரை ஓட்டைக்குள் இருந்தது. படம் நல்ல தெளிவு. நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான்.

அவர் பெயர் ஆர்மாந்தோ. பக்கத்துத் துறைமுக ஊர். பன்னிரண்டு வருஷம் உல்லாசக் கப்பலில் நார்வேக்காரர்களுக்குச் சாப்பாடு பரிமாறியவர். அவர்கள் உடுப்பு, நடை, மொழி, சிப்பி மேல் சீஸ் வரைக்கும் கற்றிருந்தார்.

"எல்லாத்தையும் சரியாத்தானே பண்ணேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்க எதைக் கேப்பாங்கன்னு படிச்சீங்க, கேட்டீங்க" என்றார் மேடம். "உள்ள இறக்க முடியல. கேட்டு வாங்கின காபியை மூணு நாளும் ஒருத்தர் தொடாம விட்டுட்டுப் போறார்னா, அவருக்கு அது வேண்டாம், அதைக் கேக்கிற ஆளா தெரியணும். அவ்வளவுதான்."

"சீஸைக் கூட ரெண்டு வாய் முழுங்கிட்டேன், சார்" என்று அவர் இன்ஸ்பெக்டரிடம் முறையிட்டார். "சாப்பாட்டு மேல அந்தப் பால் மட்டும் தொண்டையில இறங்கல."

"புரியுது" என்றார் இன்ஸ்பெக்டர். உண்மையாகவே புரிந்த குரலில் சொன்னார். பிறகு விலங்கை மாட்டினார்.

*

காவலர் அறைக்கு ஓடினேன். "அக்கா, கிடைச்சுடுச்சு. அந்தாள்தான். முடிஞ்சுபோச்சு, கோட்டை மாட்டு."

அக்கா எழுந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது.

"மணி என்னடா?"

"அஞ்சு அஞ்சு."

"நாலரைக்கே போன் பண்ணிட்டேன்."

"யாருக்கு?"

"விடுதிக்கு. விலங்கோட நான் நிக்கிறதை அவ பாக்கக்கூடாதுன்னு. நீங்களே வந்து கூட்டிட்டுப் போயிடுங்க, நான் விட்டுக்கொடுக்கிறேன்னு சொல்லிட்டேன். அஞ்சரைக்கு வண்டி வரும். அவ பையை காலையிலயே கட்டி, அவளோட பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேன்."

"எதுக்குக்கா?" என்று கத்தினேன். வாழ்நாளில் அவளிடம் நான் கத்தியது அந்த ஒரு முறைதான். "நான் இருந்தேன்ல? மேடம் இருந்தாங்கல்ல?"

"அஞ்சு மணிக்குள்ள ஆயிடுமான்னு கேட்டேன். தெரியாதுன்னாங்க."

வாசலில் எர்ஸிலியா மேடம் வந்து நின்றிருந்தார். காதில் விழுந்துவிட்டது.

விடுதிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகம் ஐந்தோடு மூடிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் போனை எடுக்கவில்லை. அசீலியாவில் அக்கா வீடு. ரயிலில் போனால் பத்து நிமிடம், ஆனால் அடுத்த ரயில் ஐந்து முப்பத்திரண்டுக்கு. என் காரில் போனால் அந்த நேரத்துக் கடற்கரைச் சாலை நெரிசலில் முக்கால் மணி நேரம். ஒரு முறை விட்டுக்கொடுத்தேன் என்று எழுத்தில் ஏறி, குழந்தையும் விடுதிக்குள் போய்விட்டால், திங்கட்கிழமை நீதிபதி அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பார்.

"வண்டி இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து.

கான்ஸ்டபிளையும் ஆர்மாந்தோவையும் எத்தோரேயின் அறையில் பூட்டி உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். அக்காவை ஏற்றிப் போக வந்த நீல வண்டி வாசலிலேயே நின்றது. அக்கா பழக்கதோஷத்தில் பின்கதவுக்குப் போனாள். ஒரு நாள் முழுக்க மனசுக்குள் அந்தக் கதவில்தான் ஏறிக்கொண்டிருந்தாள் போல.

"அங்க இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். முன்கதவைத் திறந்தார். "இங்க உக்காருங்க. வழி சொல்லுங்க."

மேடமும் நானும் பின்னால் ஏறினோம். உள்ளிருந்து திறக்க முடியாத கதவு. இன்ஸ்பெக்டர் சைரனைப் போட்டார். லாரிகள் ஒதுங்கின, பஸ்கள் ஒதுங்கின, ஒதுங்காத ஒரு ஸ்கூட்டர்காரனை நான் இத்தனை வருஷத்தில் கற்ற அத்தனை வார்த்தையாலும் வாழ்த்தினேன். ஐந்து பதினெட்டு. ஐந்து இருபத்தைந்து. அக்கா இடது, வலது என்பதைத் தவிர வேறு ஒன்றும் பேசவில்லை. மேடம் முன்னால் குனிந்து அவள் தோளில் கையை வைத்தார். "ஆயிடும்னு சொல்லியிருக்கணும்" என்றார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தெருவுக்குள் திரும்பினோம். வீட்டு வாசலில் வெள்ளை வேன் நின்றது. அதன் பக்கக் கதவு திறந்திருந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி காகிதத்தை ஒரு கையிலும் மினாவின் விரலை இன்னொரு கையிலும் பிடித்திருந்தாள். மினா ஒரு காலை வேனின் படியில் வைத்திருந்தாள். முதுகில் அக்கா கட்டி வைத்த பை, சிவப்புப் பை.

வண்டி நிற்பதற்குள் அக்கா இறங்கிவிட்டாள். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தப் பெண்மணியிடம் போனார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அவள் காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு காகிதத்தை நாலாக மடித்து அக்காவிடமே கொடுத்தாள். வேன் கதவை இழுத்துச் சாத்தினாள்.

மினா ஓடி வரவில்லை. இந்த வயதுக்குள் மூன்று வீடு மாறிய குழந்தை. நின்ற இடத்திலேயே நின்றாள். அக்கா அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பையைப் பிரிச்சுடலாமா?" என்று கேட்டாள் மினா.

அக்கா அவள் முதுகிலிருந்து பையைக் கழற்றினாள். அந்தத் தெருவிலேயே, வேனுக்கும் போலீஸ் வண்டிக்கும் நடுவில், பையின் ஜிப்பை இழுத்து, காலையில் தானே மடித்து வைத்த கவுன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.